ஞாயிற்றுக்கிழமைக் கடையும் பெரார்கஞ்ச் லாரியும்

போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் எங்கள் மளிகைக் கடைக்குக் கதவு கிடையாது. பலகைகள்தான். ஒவ்வொரு பலகையின் தலையிலும் சாக்பீஸால் எண் போட்டிருக்கும். காலையில் ஒவ்வொன்றாக உருவிச் சுவரில் சாய்க்க வேண்டும். ராத்திரி அதே வரிசையில் சொருக வேண்டும். வரிசை மாறினால் கடைசிப் பலகை உள்ளே போகாது. மழைக்காலத்தில் மரம் ஊறிப்போய்விட்டால் என் வீட்டுக்காரரும் அதுவும் மல்லுக்கட்டுவதைப் பார்க்கத் தெருவே நிற்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாத்தம் மரமில்லில் சங்கு ஊதாத காலை. மற்ற நாளெல்லாம் அந்தச் சங்குதான் எங்கள் தெருவை எழுப்பும். ஞாயிற்றுக்கிழமை அதற்கு லீவு. மில்லில் வேலை செய்கிறவர்களுக்கும் லீவு. அதனால் எங்களுக்கு லீவு இல்லை. கடைசிப் பலகையை உருவுவதற்குள் வாசலில் ஆள் நின்றுவிடும்.

"சரசு! ஏட்டி சரசு!"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து என் அக்கா பாக்கியத்தின் குரல். ஆளைப் பார்க்கு முன் அவள் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த வாழைப்பூதான் தெரிந்தது. சேலைக் கரையில் செம்மண், கையில் செருப்பு, முகத்தில் லாரியில் வந்த புழுதி. வந்ததும் துவரம்பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வாள். அது அவளுடைய இடம். மூட்டை காலியாகியிருந்தால் என் வீட்டுக்காரர் அவளுக்காக வேறொரு மூட்டையை அங்கே இழுத்துப் போடுவார்.

நான் சமையல்கட்டுக்கும் கடைக்கும் நடுவிலிருந்த நிலைப்படியில் நின்று பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். கடைக்குள் நான் நிற்பதில்லை. பொட்டலம் கட்டலாம், நிலைப்படியைத் தாண்டக் கூடாது. யார் போட்ட சட்டமோ, நானும் கேட்டதில்லை.

"ஏட்டி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுக்கா."

"பாபி, சர்சோ கா தேல்?" என்று கடுகெண்ணெய் கேட்டு ஒரு பெங்காலிக் குடியானவர் பாட்டிலை நீட்டினார். ஊற்றிக் கொடுத்தோம். அக்கா மறுபடி வாயைத் திறந்தாள். கோந்து கேட்டு ஒருத்தர், கற்பூரம் கேட்டு ஒருத்தர். அடுப்பில் சோறு பொங்கி வழிகிற சத்தம் வேறு.

"என்னக்கா சொல்ல வந்தே?"

"கூட்டம் அடங்கட்டும்டி. ஒண்ணும் அவசரமில்ல."

கூட்டம் அடங்கவில்லை. மத்தியான ஃபெரிக்கு நேரமாகிவிட்டது. அக்கா எழுந்து, மூட்டையில் ஒட்டியிருந்த பருப்புத் தூசியைச் சேலையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இதுதான் கதை. அவள் ஒன்று சொல்ல வருவாள். கடை அதைச் சொல்ல விடாது.

துணைக்கு வந்தவள்

அக்கா எனக்கு முன்னால் தீவுக்கு வந்தவள். அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மச்சானுக்குக் காட்டில் மரம் வெட்டும் கூப்பில் மேஸ்திரி வேலை. குடியிருப்பு பெரார்கஞ்சில். கல்யாணமாகிக் கப்பலேறிப் போனவளை நினைத்து எங்கள் அம்மா பாதி வருஷம் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரம் வந்தது. கோவில்பட்டிப் பக்கத்திலேயே இரண்டு நல்ல இடம் இருந்தது. போர்ட் பிளேரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருத்தர் பெண் தேடுகிறார் என்று அக்காதான் சொல்லியனுப்பினாள். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"கடல் தாண்டி ஒண்ணு தனியா கெடக்கு. துணைக்கு இன்னொண்ணு போகட்டும்."

என்னைக் கட்டிக்கொடுத்த காரணம் இவ்வளவுதான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் கப்பலை விட்டு இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அக்கா வீடு என்றால் பக்கத்துத் தெரு இல்லை. சாத்தம் வரைக்கும் நடந்து, ஃபெரி பிடித்து பம்பூஃப்ளாட்டில் இறங்கி, அங்கிருந்து காட்டுச் சாலையில் லாரிக்குப் போக வேண்டும். துணைக்கு வந்தவள் ஒரு பக்கம், துணை தேவைப்பட்டவள் ஒரு பக்கம், நடுவில் கடல்.

எங்களைச் சேர்த்துவைத்தது ஞாயிற்றுக்கிழமை லாரிதான். வாரம் பூராவும் மரம் ஏற்றுகிற லாரி. ஞாயிற்றுக்கிழமை மரவேலை இல்லை என்பதால், பெரார்கஞ்ச் ஜனங்களை ஏற்றிக்கொண்டு பம்பூஃப்ளாட் வரைக்கும் கொண்டுவந்து விடுவார் டிரைவர். அவர்கள் ஃபெரியில் டவுனுக்கு வந்து வார சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்வரை அங்கேயே நிழலில் படுத்திருப்பார். அக்கா அந்தக் கூட்டத்தோடு வருவாள். அந்தக் கூட்டத்தோடு போவாள்.

ஜஹாஜ் நஹி ஆயா

கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் அதன் மேல் அவ்வளவு எரிச்சலாக இருந்தேன் என்று உங்களுக்குப் புரியாது.

நான் முதலில் கற்றுக்கொண்ட ஹிந்தி வாக்கியம் "ஜஹாஜ் நஹி ஆயா". கப்பல் வரவில்லை. வெங்காயம் இருக்கிறதா? ஜஹாஜ் நஹி ஆயா. புளி? ஜஹாஜ் நஹி ஆயா. தீவில் எந்தக் கேள்விக்கும் அந்த ஒரு பதில் போதும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் என்று யாரோ கேட்டதற்குக்கூட, பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் அம்மா, மாப்பிள்ளை மெயின்லேண்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் அது சரிதான் என்று பெருமூச்சு விட்டாள்.

கப்பல் வந்துவிட்டாலோ இன்னும் மோசம். மெட்ராஸிலிருந்து வந்த உருளைக்கிழங்கில் பாதி முளைவிட்டிருக்கும், கால்வாசி அழுகியிருக்கும். வீடு பூராவும் அந்த வாடை. அழுகலைப் பொறுக்குவது, நல்லதை உலர்த்துவது, விற்பது. விடிந்தால் கடை, அடைந்தால் கடை. வீட்டுக்கு முன்னால் கடை என்று நினைத்துக் கழுத்தை நீட்டினேன். கடைக்குப் பின்னால்தான் வீடு என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தீபாவளியன்றுகூட அரைப் பலகையைத் திறந்துவைத்து, "யாராச்சும் நெய் கேட்டு வந்தா என்ன செய்யிறது?" என்பார்.

சென்ற மாதம் எங்கள் பகுதி வியாபாரிகள் கூட்டத்தில் இதே பேச்சு மறுபடி எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க வேண்டுமா, அடைக்க வேண்டுமா? இளவட்டங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து சத்தம் போட்டார்கள். பழைய ஆள் என்று என்னையும் கேட்டார்கள். எனக்கு இரண்டு பக்கமும் தெரியும், அதனால் என்னிடம் கேட்காதீர்கள் என்றேன். விடவில்லை. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

எந்தக் கிழமை?

ஒரு மழைக்காலம் முடிகிற நேரம். சர்க்கார் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து கடை கடையாகச் சொல்லிவிட்டுப் போனார். இனிமேல் எல்லாக் கடையும் வாரத்தில் ஒரு நாள் அடைக்க வேண்டும். எந்த நாள் என்பதை நீங்களே கூடிப் பேசி முடிவு செய்து சொல்லுங்கள்.

கூடிப் பேசியது எங்கள் கடையில்தான். துணிக்கடை ராம்சரண் பாய் வந்திருந்தார். அவர் தீவிலேயே பிறந்தவர். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அங்கே இருக்கும் லோக்கல் குடும்பம். மற்றவர்கள் எங்களைப் போல மெயின்லேண்டிலிருந்து வந்து கடை போட்டவர்கள். மூட்டை மேல் ஒருத்தர், எண்ணெய் டின் மேல் ஒருத்தர். எங்கள் கடைச் சிப்பந்தி பெருமாள் தராசைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். சிவகங்கைக்காரர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா.

என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"எந்தக் கெழமை வேணும்னாலும் அடைப்போம். ஞாயித்துக்கெழமை மட்டும் வேண்டாம். மில்காரனுக்கு அன்னைக்குத்தான் லீவு. பெரார்கஞ்ச் ஆளுகளும் அன்னைக்குத்தான் வாராக. செவ்வாய்க்கெழமைன்னா ஈ காக்கா வராது. செவ்வாயே அடைப்போம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் டீத் தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தேன். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்து எதையோ சொல்ல முடியாமல் எழுந்துபோகும் அக்கா முகம்தான் கண் முன்னால் நின்றது.

"செவ்வாய்க்கெழமை அடைச்சா யாரு வீட்டுக்குப் போறது?" என்றேன்.

எல்லோரும் நிலைப்படிப் பக்கம் திரும்பினார்கள்.

"ஆபீஸுக்கு ஞாயிறு. பள்ளிக்கூடத்துக்கு ஞாயிறு. மில்லுக்கு ஞாயிறு. நமக்கு மட்டும் செவ்வாயா? அன்னைக்கு ஊரே வேலைக்குப் போயிருக்கும். நாம மட்டும் மொகட்டைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும். அதுக்குப் பேரு லீவா? பெருமாளண்ணனைக் கேளுங்க, பிள்ளைகளோட ஒரு நாள் இருந்திருப்பாரா?"

பெருமாள் தராசைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் எல்லாம் இருந்தது.

"பாபி சஹி போல்தீ ஹை," அண்ணி சொல்வது சரிதான் என்றார் ராம்சரண் பாய். தன் வீட்டிலும் இதே சண்டைதான் என்று அவர் ஹிந்தியில் சொல்லவும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. ஞாயிறு என்றே முடிவானது.

அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "நீ ஆசைப்பட்டுட்ட. நடக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சாத்தம் பாலத்தில்

முதல் ஞாயிறு. பலகைகள் சொருகியபடியே இருந்தன. கடைக்குள் அப்படி ஒரு இருட்டை நான் பகலில் பார்த்ததில்லை. சீலா மீன் குழம்பு வைத்தேன். அக்காவுக்குப் பிடிக்கும் என்று கருப்பட்டிப் பணியாரம் சுட்டேன். கப்பலில் வந்த கருப்பட்டியில் எனக்கென்று ஒளித்துவைத்தது. நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, அவளை எதிர்கொண்டு அழைத்துவர சாத்தம் பாலத்துக்கே போனேன். இன்றைக்கு அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று மனசுக்குள் ஒரு சபதம்.

மில் சும்மா கிடந்தது. அறுத்த மரத்தின் வாசனை மட்டும் பாலம் வரைக்கும் வந்தது. ஃபெரி வந்தது. ஒரு போலீஸ்காரர் இறங்கினார். கோழிக்கூடையோடு ஒரு கிழவர் இறங்கினார். அவ்வளவுதான். அடுத்த ஃபெரியிலும் அக்கா இல்லை.

அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறு மழையில் போனேன். பாலத்தில் என் பின்னாலேயே குடையோடு என் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"வீட்டுக்கு வா. அவ வரமாட்டா."

"ஏன்? மேலுக்கு முடியலையா?"

"லாரி ஓடலை. கடை இல்லாத டவுனுக்கு ஆளு எதுக்கு வரும்? ஏறுறதுக்கு ஆளு இல்லைன்னா டிரைவர் எதுக்கு லாரிய எடுப்பான்?"

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத வாரமே தெரியும். ஃபெரிக்காரன் சொன்னான்."

"பெறகு ஏன் சொல்லலை?"

"அவ்வளவு ஆசையா சேலை கட்டிட்டுக் கெளம்புன. எப்படிச் சொல்லச் சொல்ற?"

கோபப்படலாமா அழலாமா என்று தெரியாமல் நடந்தேன். அக்காவோடு உட்காருவதற்காக ஒரு நாளைக் கேட்டு வாங்கினேன். அந்த நாள் வந்தது. அக்கா வருவது நின்றுபோனது. இதில் நான் யார் மேல் கோபப்படுவது?

பெருங்காய டப்பா

அடுத்த ஞாயிறு நாங்களே கிளம்பினோம். லாரி ஓடாவிட்டால் என்ன, தீவில் ஜீப் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் எங்கள் கடையில் சாமான் வாங்கியவர்கள்தானே. பம்பூஃப்ளாட்டில் ஒருத்தர் ஏற்றிக்கொண்டார். சாயங்காலம் திரும்பும்போது கூட்டிவந்து விடுவதாகவும் சொன்னார். வழி நெடுக மரம். வெயில் கீழே விழாத சாலை. பெரார்கஞ்ச் வந்ததும் வயல் வெளிச்சமாகத் திறந்தது.

அக்கா வீடு வயலைத் தாண்டி, பாக்குத் தோப்பின் ஓரத்தில் தனியாக இருந்தது. பலகைச் சுவர், ஓலைக் கூரை. நடையில் அட்டை ஊர்ந்துவிடாமல் இருக்கச் சுண்ணாம்பு தூவியிருந்தது. மச்சான் கூப்பிலிருந்து முந்தின நாள்தான் வந்தவர், அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவருக்கு வீடு.

எங்களைப் பார்த்ததும் அக்கா ஓடிவரவில்லை. வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மச்சான் எழுந்து வந்ததும் ஆண்கள் இருவரும் தோப்பைப் பார்க்கப் போனார்கள். நாங்கள் சமையல்கட்டில் உட்கார்ந்தோம். நான் கேட்ட அமைதி அங்கே இருந்தது. கடுகெண்ணெய் கேட்க ஆள் இல்லை. மழைத் தண்ணீர் ஓலையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்தான்.

"இப்பச் சொல்லுக்கா. ஒண்ணு சொல்லணும் சொல்லணும்னியே. என்ன அது?"

அக்கா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். அப்புறம் சிரித்தாள்.

"தெரியலையேடி. வாரம் பூராவும் பேச ஆளு கெடையாது. அக்கம்பக்கம் பெங்காலிக. தங்கமான சனங்க. அவுக பேசுறது எனக்குப் புரியாது, நான் பேசுறது அவுகளுக்குப் புரியாது. பாத்தாச் சிரிப்போம். சிரிச்சுச் சிரிச்சு வாய்தான் வலிக்கி. உன் கடைக்கு வந்து ஒக்காந்த ஒடனே அம்புட்டுப் பேச்சும் தொண்டைக்கு வந்துரும். எதைச் சொல்லன்னு தெரியாது. ஒண்ணு சொல்லணும்னு சொல்லுவேன். அம்புட்டுத்தான்."

"கூட்டத்துல ஒன்னோட பேச முடியலைன்னுதான்கா நான் சண்டை போட்டுக் கடைய அடைக்க வச்சேன்."

"கூட்டம் ஒனக்குத் தொந்தரவா இருந்துச்சா?" அவளுக்கு ஆச்சரியம். "எனக்கு அதுதான்டி வேணும். ஒருத்தரு மேல ஒருத்தரு இடிச்சிக்கிட்டு, புளி எங்க, மொளகா எங்கன்னு நம்ம பேச்சுல கேட்டுக்கிட்டு. அதுக்குத்தான லாரியில எலும்பு நோக வந்தேன்."

எழுந்துபோய் மாடத்திலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்தாள். எங்கள் கடைப் பெருங்காய டப்பா. காலி. மூடியைத் திறந்து என் மூக்கருகில் நீட்டினாள்.

"லாரி நின்ன பெறகு இதைத்தான் மோந்து பாக்கேன். கண்ண மூடுனா பருப்பு மூட்டை மேல ஒக்காந்திருக்க மாதிரி இருக்கும்."

வாரமெல்லாம் சத்தத்தில் கிடந்த நான் அமைதிக்கு ஏங்கினேன். வாரமெல்லாம் அமைதியில் கிடந்த அவள் சத்தத்துக்கு ஏங்கினாள். ஒரே வயிற்றில் பிறந்தும், அவளுக்கு வேண்டியது என்னவென்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எனக்கு வேண்டியதுதான் அவளுக்கும் வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

டப்பாவை மூடிக்கொண்டே அக்கா சொன்னாள்.

"நான் ஊருக்குப் போறேன்டி. அடுத்த கப்பல்ல. அவுககிட்டச் சொல்லிட்டேன். அவுக வேலைய விட்டுட்டு வர முடியாது. நான் மட்டும் போறேன். இனிமே என்னால முடியாது."

"அப்ப எனக்கு யாருக்கா துணை?" என்றேன். துணைக்கு என்று என்னைக் கடல் தாண்டிக் கூட்டிவந்தவள் அவள்தான்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம். நான் கொண்டுபோன பணியாரத்தை இரண்டு பேருமே தொடவில்லை.

பெருமாள் கேட்டது

அந்த வாரம் கப்பல் வரவில்லை. ஜஹாஜ் நஹி ஆயா என்பதை நான் சந்தோஷமாகச் சொன்ன வாரம் அது ஒன்றுதான். கப்பல் வருவதற்குள் லாரி ஓட வேண்டும். லாரி ஓட வேண்டுமென்றால் கடை திறக்க வேண்டும்.

மறுபடி கூட்டம். மறுபடி டீத் தட்டு. மறுபடி நிலைப்படியில் நான்.

"லீவைச் செவ்வாய்க்கு மாத்திருவோம்" என்றேன். அக்கா விஷயத்தை மறைக்காமல் சொன்னேன்.

வியாபாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் உள்ளூர அதே ஆசைதான். ஞாயிறு அடைத்ததில் எல்லோருக்கும் கை கடித்திருந்தது. ஆனால் ராம்சரண் பாய் சும்மா விடுவாரா? மங்கல்வார், அதாவது செவ்வாய், அன்றைக்கு யார் வீட்டுக்குப் போவீர்கள் பாபி என்று என் கேள்வியை எனக்கே திருப்பினார். கடையே குலுங்கச் சிரித்தது. என் காது சுட்டது. பரவாயில்லை என்று நின்றேன்.

சிரிப்பு அடங்கியபோது பெருமாள் பேசினார். அவர் கூட்டத்தில் பேசி நான் கேட்டதே இல்லை.

"செவ்வாய்க்கெழமை எம் பிள்ளைக பள்ளிக்கூடம் போயிருங்க அண்ணி."

அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இரண்டு பெண்களையும் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார். சின்னது நீந்தக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதைக் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்திருக்கிறார். அவர் பேரைச் சொல்லித்தானே நான் ஞாயிறு வாங்கினேன்? இப்போது அதைத் திருப்பிக் கேட்கிறேன். எனக்கு அக்கா வேண்டும் என்பதற்காக அவர் பிள்ளைகளை விட்டுக்கொடுக்க வேண்டுமா?

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தனியாகச் சமாளிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கெழமை நீங்க வர வேண்டாம்ணே" என்றேன். "உங்க எடத்துல நான் நிக்கேன்."

"கடையிலயா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "பொம்பள கடையில நின்னா ஊரு என்ன சொல்லும்?"

"எந்த ஊரு? கோவில்பட்டியா? அங்கேருந்து பாத்தா இது தெரியாது."

"சமையல்?"

"பழைய சோறு இருக்கு. ஊறுகா இருக்கு. ஒரு நாள் தின்னா ஒண்ணும் ஆகாது."

ராம்சரண் பாய் எண்ணெய் டின்னில் தாளம் போட்டார். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தராசு முள்ளு பாத்து நிறுக்கத் தெரியுமா?" என்றார் கடைசியில். எனக்குத் தெரியும். நிலைப்படியில் நின்று அத்தனை நாளும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்கிறவர்களுக்கு இதுதான் நான் சொல்லும் பதில். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தால் யாரோ ஒருத்தருடைய ஞாயிற்றுக்கிழமை போகத்தான் செய்யும். அது யாருடையது என்று முதலில் பாருங்கள். திற திற என்று சத்தம் போடுகிறவர் அன்றைக்குக் கடையில் நிற்கத் தயாரா என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பலகை எடுத்த ஞாயிறு

கடை திறக்கும் சேதியை ஃபெரிக்காரர், ஜீப்காரர் எல்லோரிடமும் சொல்லி அனுப்பினோம். லாரி டிரைவர் காதுக்கும் போயிருக்கும் என்று நம்பினோம். அதற்குள் கப்பலும் வந்து, ஹாடோ ஜெட்டியில் கட்டியாயிற்று. இரண்டு மூன்று நாளில் மெட்ராஸ் திரும்பும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பலகைகளை நானே உருவினேன். அவசரத்தில் எண்ணைப் பார்க்காமல் சாய்த்துவிட்டேன். அன்று ராத்திரி அதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மில்காரர்கள் வந்துவிட்டார்கள். நிலைப்படியைத் தாண்டிக் கடைக்குள் போய்த் தராசுக்குப் பின்னால் நின்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் வந்தவர் கால் கிலோ சீனி கேட்டார். நிறுத்துக் கொடுத்தேன். முள் நடுவில் நின்றதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

பெரார்கஞ்ச் கூட்டம் வரவில்லை. நேரம் ஆக ஆக என் கண் தெருவிலேயே இருந்தது. மிளகாய் கேட்டவருக்கு மல்லியைப் போட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு புதுத் துவரம்பருப்பு மூட்டையை அதன் இடத்துக்கு இழுத்துப் போட்டார்.

சாத்தம் பக்கமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தலைச்சுமை, கைப்பை, பாட்டில்கள். பெங்காலிக் குடியானவர் கடுகெண்ணெய் பாட்டிலோடு வந்தார். அவருக்குப் பின்னால், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த ஒரு வாழைப்பூ.

"சரசு! ஏட்டி சரசு!"

அக்கா கடைக்குள் வந்து என்னைத் தராசுக்குப் பின்னால் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள். பருப்பு மூட்டையில் உட்கார்ந்தாள். கையில் துணி மூட்டை ஏதாவது இருக்கிறதா, கப்பலுக்குப் புறப்பட்டு வந்திருக்கிறாளா என்று பார்த்தேன். கையில் இருந்தது ஒரே ஒரு காலிப் பெருங்காய டப்பா. அதை என்னிடம் நீட்டினாள்.

"இதுல நெறையப் போடு. வாசம் போயிருச்சு. அடுத்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் வரணும்."

நான் வாங்கி நிரப்பினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பெருங்காயம் என்று சொல்லிக்கொண்டேன். கடைக்குள் அதற்குள் நாலு பாஷையில் சத்தம். ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்தார். உப்பு எங்கே என்று யாரோ தமிழில் கத்தினார்கள். அக்கா மூட்டையில் உட்கார்ந்தபடியே, "அந்தா, அந்த மூலையில பாருங்க" என்று கையைக் காட்டினாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

"ஏட்டி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுக்கா."

"கூட்டம் அடங்கட்டும்."

அடங்கவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு, அடுத்தவருக்குப் பருப்பு நிறுத்தேன்.